நெஷ்தானா என்று ஒரு பேர்

கனடாவின் ஸ்காபரோத் தமிழர்களில் ஒருவர்கூட அந்தப் பேரைச் சந்தேகித்ததில்லை. சந்தேகிக்க என்ன கிடக்கிறது? ஜெனுஷன், அஷ்வித்தா, நிருஜ்ஜா என்று எந்த அகராதியிலும் அகப்படாத பேர்களெல்லாம் கேக் வெட்டுகிற ஊரிலே, நெஷ்தானா என்று ஒன்று கூடிப்போனால் ஆருக்கு நட்டம்? "நல்ல ஸ்ரைலான பேர். எத்தினையாம் எண்ணில வச்சனீங்கள்?" என்று கேட்பார்கள். மங்கையற்கரசி கண்ணை வெட்டாமல் "அஞ்சு" என்பாள். ஞாபகம் பிசகின நாட்களில் "ஆறு" என்றும் சொல்லியிருக்கிறாள். கொக்குவில் சாத்திரியார் ஒருவர் கடிதத்தில் எழுதி அனுப்பின பேர் என்று ஒரு கதையும் கைவசம் இருந்தது. இருபத்தெட்டு வருடம் அந்தக் கதை ஒரு பழுதும் இல்லாமல் ஓடிற்று.

நடுவில் மார்க்கம் நகரில் இருக்கிற ஒருத்தி, பேர் பிடித்துப்போய்த் தன்ர மகளுக்கும் அதையே வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லித் தடுக்கலாமா என்று மங்கையற்கரசி அன்றைக்கு யோசித்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. போய்க் கேக் சாப்பிட்டு, காப்பு ஒன்றும் போட்டுவிட்டு வந்தாள்.

ஏனென்றால் அந்தப் பேர் தமிழுமில்லை, வடமொழியுமில்லை. உக்ரேனியரும் ரஷ்யரும் ஒரு காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு வைத்த பேர் அது. இப்போது அவர்களே வைப்பதில்லை. அதன் கருத்து என்ன, அதை ஏன் தன் பிள்ளைக்கு வைத்தாள் என்பது மங்கையற்கரசிக்கும் அவளுடைய புருசன் இராஜரட்ணத்துக்கும் மட்டுமே தெரியும். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்யும் இராஜரட்ணத்துக்கு எதைச் சொன்னாலும் "ஓம்" என்பதே வழக்கம். ஆகவே அந்த இரகசியம் பத்திரமாக இருந்தது.

மகள் நெஷ்தானா இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ரெக்ஸ்டேலில் ஒரு பல் கிளினிக்கில் பல் சுத்தம் செய்கிற வேலை. வீடும் அதற்குக் கிட்டத்தான். ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தாய்க்கு ஃபோன் எடுப்பாள். பெரிய கதை ஒன்றும் இராது. "சாப்பிட்டியோ?" "ஓம்." "என்னத்தோட?" அவ்வளவுதான். அந்த ஃபோன் ஒரு செவ்வாய்க்கிழமையோடு நின்றுபோயிற்று. மங்கையற்கரசி எடுத்தால், "பிஸி அம்மா, பிறகு எடுக்கிறன்." பிறகு என்பது வரவேயில்லை. ஒன்பது நாள். பத்தாம் நாள் மங்கையற்கரசி வேலைக்குச் சுகமில்லை என்று 'சிக்' அடித்துவிட்டு, விடிய எழும்பி இடியப்பம் அவித்து, சொதியும் திருக்கை மீன் சுண்டலும் வைத்து, வெக்ஸ்போர்ட்டில் பஸ் ஏறினாள். ஒரு பஸ், சப்வே, திரும்ப ஒரு பஸ். ஒன்றே முக்கால் மணித்தியாலம் சொதி ஊற்றின போத்தலை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தது மருமகன் கிருபன். வேலைக்கு வெளிக்கிட்டு நின்றான்.

"வாங்கோ மாமி. நல்ல நேரம் வந்தனீங்கள்," என்றவன் குரலைத் தணித்தான். "அவ ஒண்டுஞ் சொல்லமாட்டா. மேசையில ஒரு ஃபோம் கிடக்கு, பாருங்கோ. பேரை மாத்தப் போறாவாம். நான் கேட்டால் என்னோட கோவிக்கிறா. நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ."

சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கெட்டிக்காரன்.

குசினி மேசையில் அந்தப் படிவம் கிடந்தது. பழைய பேர் என்ற இடத்தில் நெஷ்தானாவின் குண்டு எழுத்து. புதுப் பேர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. மங்கையற்கரசி பையைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெஷ்தானா அறையிலிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஏழாம் மாசத்து வீக்கமா, அழுத வீக்கமா என்று தாய்க்காரிக்குத் தெரியாதா?

"இடியப்பம் கொண்டந்தனான். சூடு ஆறமுன்னம்..."

"அம்மா, எனக்கு ஆர் பேர் வச்சது?"

"எத்தினை தரம் சொல்லுறது? கொக்குவில் சாத்திரியார்..."

"ப்ளீஸ் அம்மா."

அவள் கதிரையை இழுத்து மெல்ல இருந்தாள். பிறகு சொன்னாள். முந்தின வாரத்துச் செவ்வாய்க்கிழமை உக்ரேனிலிருந்து வந்த ஒரு பெண் பல் காட்ட வந்திருக்கிறாள். ஒக்சானா என்று பேர். ஊரில் பள்ளிக்கூட ரீச்சராம். நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவே மறந்துபோனாளாம்.

"'எங்கட பேர் உனக்கு எப்பிடி வந்தது?' எண்டு கேட்டா. தன்ர சீவியத்தில அந்தப் பேரோட ஒரு மனிசரையும் காணேல்லையாம். பழைய சரித்திரப் புத்தகத்திலதான் பாத்தவவாம். நான் தமிழ்ப் பேர் எண்டு சொன்னன், அம்மா. பெரிய நியூமெரொலொஜி விளக்கமும் குடுத்தன். அவ சிரிச்சிட்டு, கருத்தைச் சொன்னா. ஒருத்தரும் பாத்துக்கொண்டு இருக்காத பிள்ளை. எதிர்பாராமல் வந்தது. 'உன்னை ஆர் எதிர்பாக்கேல்லை?' எண்டு பகிடியாக் கேட்டா. நான் அவவின்ர பல்லைக் கிளீன் பண்ணி முடிச்சிட்டு, வோஷ்ரூமுக்குள்ள போய் இருந்திட்டன்."

மங்கையற்கரசி பையை இப்போதுதான் கீழே வைத்தாள்.

"பிறகு நானே தேடிப் பாத்தன். கிறிஸ்தவம் வர முந்தின பேராம். சிலபேர் சும்மா, நினையாமல் வந்த பிள்ளைக்கு வைப்பினமாம். சில ஆக்கள் வேற காரணத்துக்கு வைப்பினமாம். ஒரு வீட்டில பிள்ளையள் செத்துக்கொண்டிருந்தால், அடுத்த பிள்ளையைத் தாய் தேப்பன் விரும்பேல்லை எண்டு காட்டி, கெட்டதைப் பேய்க்காட்டி ஏமாத்துறதுக்கு." நெஷ்தானா தாயை நேராகப் பார்த்தாள். "எங்கட வீட்டில ஆரம்மா செத்தது? நான்தானே முதல் பிள்ளை?"

சொல்ல வேண்டியது மங்கையற்கரசியின் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கண், மகளின் வயிற்றில் போய் விழுந்தது. ஏழு மாதம். இந்த நேரத்தில், இந்தப் பிள்ளையின் வயிற்றுக்கு முன்னால், அந்த இரண்டு பேரின் கதையை எடுப்பதா? எடுத்தால் இத்தனை காலம் பொத்திக் காத்தது அத்தனையும் குலைந்துபோகும் என்று அவளுக்குப் பட்டது.

"ஓம்," என்றாள். "நீதான் முதல் பிள்ளை."

"அப்ப விளங்குது," என்றாள் நெஷ்தானா. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "உக்ரேனில, ஆக்களைக் களவா அனுப்புற ஏஜென்சிக்காரன்ர வீட்டில பதினாலு சனத்துக்கு நடுவில, கனடா போற அவசரத்தில, நான் வந்திட்டன். ஓகே. அது அக்சிடென்ற் எண்டு சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கிற வயசு. ஆனா அந்த ஊர்ப் பாசையிலயே அதைப் பேரா எழுதி, என்ர நெஞ்சில குத்திவிட்டிருக்கிறியள். அதுதான் ஏலாமல் கிடக்கு. இப்பதான் எனக்கு எல்லாம் கணக்கு வருது. அரங்கேற்றத்தண்டைக்கு எல்லாரும் எழும்பிக் கை தட்டினவை. நீங்கள் என்ன சொன்னனீங்கள் தெரியுமா? 'கால் வடிவாப் பதியேல்லை.' ஆரும் என்னை வடிவெண்டு சொன்னால், 'உதென்ன வடிவு, எலும்பும் தோலும்' எண்டுவியள். கலியாண வீட்டிலயும் சொன்னனீங்கள், அம்மா. மணவறையில, போட்டோக்காரனுக்கு முன்னால."

சொன்னவள்தான். ஒன்றும் பொய்யில்லை.

"போயிட்டு வாங்கோ அம்மா. எனக்குப் படுக்கோணும். சாப்பாட்டை ஃபிரிட்ஜில வைக்கிறன்."

மங்கையற்கரசி கோட்டை மாட்டினாள், சப்பாத்தைப் போட்டாள், நடந்தாள். பஸ் தரிப்பில் போய் இருந்தபிறகுதான் கோட்டின் பொத்தானை மாறிப் பூட்டியிருப்பது தெரிந்தது. அதைத் திருத்தவும் மனம் வரவில்லை.

முதல் பிள்ளை ஆதவன். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் பிறந்து பதினொரு நாள் இருந்தான். இரண்டாவது கயல்விழி. அது மூன்றரை மாதம் இருந்தது. என்ன ஒரு பிள்ளை. பவுடர் பூசி, பொட்டு வைத்து, வேலிக்கு வேலி தூக்கிக்கொண்டு திரிந்தாள் மங்கையற்கரசி. பார்க்கிற சனமெல்லாம் வடிவு வடிவு என்றது. அவளும் ஓம் ஓம் என்று பூரித்துப்போய் நின்றாள். அந்த ஐப்பசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து போனபோது கிளிநொச்சியில் காய்ச்சல் வந்து, நாலே நாள். மருந்தில்லை, மாயமில்லை. சனத்தின் கண் பட்டது என்று ஒரு கிழவி சொன்னாள். அந்தச் சொல் மங்கையற்கரசியின் நெஞ்சில் ஆணியாய் இறங்கிற்று. சனத்தின் கண் என்ன, தன்ர பூரிப்புத்தான் பிள்ளையைத் தின்றது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த வருடம் கனடாவுக்கென்று வெளிக்கிட்டு, உக்ரேனின் கீவ் நகரத்தில் ஏஜென்சிக்காரன் இருத்திவைத்த வீட்டில் அகப்பட்டுக்கொண்டார்கள். அங்கேதான் மூன்றாவது தங்கிற்று. பக்கத்து வீட்டில் மரூஸ்யா என்று ஒருத்தி, ட்ராம் ஓட்டுகிறவள், நாற்பது வயதிருக்கும். பாசை கிடையாது. எத்தனை பிள்ளை என்று அவள் வயிற்றைக் காட்டிக் கேட்டாள். மங்கையற்கரசி இரண்டு விரலைக் காட்டி, பிறகு கையைக் கவிழ்த்து நிலத்தைக் காட்டினாள். அன்றிலிருந்து மரூஸ்யாவிடமிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு போத்தல் பால் வந்தது.

மாசி மாதம், நல்ல பனிக்குள், பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியால் வந்த அன்றைக்கே மரூஸ்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய், தெருப்பக்கத்து யன்னலைத் திறந்து, மங்கையற்கரசியை வெளியே வந்து நிற்கும்படி கையைக் காட்டினாள். கையில் எதையாவது கொண்டு வரட்டாம். மங்கையற்கரசிக்குப் பொறி தட்டிற்று. அவளுடைய சொந்தத் தமையனையே இப்படித்தான் எடுத்தது. இரண்டு பிள்ளை தவறின வீட்டில் பிறந்ததை அயல்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்குவார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது, இதில் எங்களுக்கு ஒரு ஆசையுமில்லை என்று போகிறவருகிற கெட்டதுகள் எல்லாவற்றுக்கும் காட்டுகிற வேலை. இந்த வெள்ளைக்காரிக்கும் அதே வேலை தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது. தவிட்டுக்கு அந்தப் பனிக்குள் எங்கே போவது? அவர்கள் கஞ்சி வைக்கிற ஒரு கறுத்த தானியம் குசினியில் கிடந்தது. அதில் இரண்டு கை அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்து, யன்னலால் பிள்ளையை வாங்கினாள்.

பேரும் மரூஸ்யா சொன்னதுதான். அவளுடைய ஊரில் முந்தி முந்தி அப்படி வைப்பார்களாம். நெஷ்தானா. கருத்தையும் நடித்துக் காட்டினாள். கண்ணுக்கு மேலே கையை வைத்து ஆரையோ பார்த்து நிற்கிற மாதிரி நின்று, பிறகு இல்லை என்று தலையை ஆட்டி, முதுகைத் திருப்பிக்கொண்டாள். அது முடிய இடது தோளுக்கு மேலால் மூன்று தரம் துப்பினாள். மங்கையற்கரசியும் தூ தூ தூ என்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும் இராஜரட்ணத்திடம், "இதை நாங்கள் ஆசையாப் பெத்தது எண்டு எங்கேயும் வாய் தவறிச் சொல்லக்கூடாது," என்றாள். அவர் ஓம் என்றார்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. சாரதி அவளைப் பார்த்தான். அவள் கையை ஆட்டிப் போகச் சொன்னாள்.

இருபத்தெட்டு வருடம் அவள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். ஒருவர் புகழ்ந்தால் உடனே ஒரு குறை. பிள்ளை படம் கீறிக்கொண்டு ஓடி வந்தால், "வச்சிட்டுப் போய்ப் படி." வெளிக்கு அப்படி. உள்ளுக்குள் என்ன கிடந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். தன் ஆசையைக் கெட்ட கண்ணுக்குப் படாமல் ஒளித்தாள், சரி. ஆனால் அதை ஒளித்த இடத்தில் பிள்ளையின் கண்ணுக்கும் படவில்லையே. பேய் பிசாசெல்லாம் ஏமாந்து போயிற்று. பிள்ளையும் ஏமாந்து போயிற்று. இப்போது அது ஒரு குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு, தன்னை ஆரும் வேண்டவில்லை என்று படுத்துக்கிடக்கிறது. இதைவிடக் கெட்டது இனி என்ன வரக் கிடக்கிறது?

அவள் எழும்பினாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அந்தப் பயத்தோடேயே திரும்பி நடந்தாள்.

நெஷ்தானா கதவைத் திறந்து, "என்ன விட்டிட்டுப் போனனீங்கள்?" என்றாள்.

"ஒண்டும் விடேல்லை. பொய் சொல்லிப்போட்டன்." வாசலிலேயே சொன்னாள், உள்ளே போய் இருந்தால் மனம் மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். "நீ முதல் பிள்ளை இல்லை. உனக்கு ஒரு அண்ணை இருந்தவன், ஆதவன். ஒரு அக்கா இருந்தவள், கயல்விழி. ரெண்டு பேரையும் சாகக் குடுத்திட்டுத்தான் நான் அந்த ஊருக்கு வந்தனான்."

நெஷ்தானா கதவின் பிடியை விடவில்லை.

மங்கையற்கரசி எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலை, கிழவியின் சொல்லை, யன்னலை, இரண்டு கை தானியத்தை. எந்த ஒழுங்கிலும் சொல்லவில்லை. நடுவில் தொடங்கி, முன்னுக்குப் போய், பிறகு பின்னுக்கு வந்தாள். எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது சோஃபாவில் இருந்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது.

"பாத்திருக்காத பிள்ளையோ? நான் பாத்திருந்த மாதிரி ஆரும் பாத்திருக்கமாட்டினம், பிள்ளை. வயித்தில நீ துடிக்கேல்லை எண்டால் சாமத்தில எழும்பிச் சீனித்தண்ணி குடிச்சிட்டு, துடிக்கும்வரைக்கும் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். பெறுறதுக்கு முந்தின கிழமை ஏஜென்சிக்காரன் வந்து நாளைக்கு ஃபிளைட், ஏறுறியளோ எண்டு கேட்டான். அந்தரப்பட்டுப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் எண்டு, நாங்கள் ஏறேல்லை. பிறகு எட்டு மாசம் அந்த வீட்டுக்குள்ளயே கிடந்தனாங்கள். உனக்காகத்தான். எனக்கு நீ வேணும். வேறொண்டும் வேண்டாம், நீ வேணும் எண்டுதான் இருந்தது."

சொல்லிவிட்டாள். சொன்னதும் கை தானாகப் போய் மகளின் வயிற்றைப் பொத்திற்று. வெளியே ஒரு லொறி போன சத்தம் கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

நெஷ்தானா நெடுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏனம்மா அவையளைப் பற்றி எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" என்றாள்.

"பயம்."

"இப்ப பயமில்லையா?"

"பயம்தான். இந்தா, கை குளிர்ந்து கிடக்கு, பார்." மங்கையற்கரசி மேசைப்பக்கம் தலையை ஆட்டினாள். "பேரை மாத்திறதெண்டால் மாத்து. நான் குறுக்க நிக்கமாட்டன். அது தன்ர வேலையைச் செய்து முடிச்சிட்டுது. நீ இருக்கிறாய்."

நெஷ்தானா அந்தப் படிவத்தைத் திரும்பிப் பார்த்தாள். எழும்பிப் போய் எடுக்கவில்லை.

"புதுப் பேர் ஒண்டும் எனக்குப் பிடிக்கேல்லை. பத்து நாளா யோசிச்சனான்," என்றாள். "அது இருக்கட்டும் அம்மா. ஒக்சானா திரும்ப வருவா, ஆறு மாசத்தில. ஆர் எதிர்பாக்கேல்லை எண்டு கேட்டவவெல்லே, அவவுக்கு ஒரு பதில் சொல்லோணும்." பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, தாயின் முகத்தைப் பாராமல் கேட்டாள். "என்னை ஒருக்கா நல்லதா ஒண்டு சொல்லுங்கோ."

மங்கையற்கரசிக்கு அது பழக்கமில்லாத வேலை. குறை சொல்ல எழும்பின நாக்கை அவள் பிடித்துக்கொண்டாள்.

"நீ வடிவு," என்றாள். "என்ர பிள்ளை நல்ல வடிவு."

அவ்வளவுதான், அணை உடைந்தது. "பத்தாம் மாசத்தில நடந்தனி. அதுவும் என்னட்ட வரத்தான் நடந்தனி. அப்பாவுக்குச் சொல்லவே இல்லை நான், எனக்குள்ளயே வச்சிருந்தன். கிண்டர்காடனில பக்கத்துப் பிள்ளைக்குக் குளிருக்குக் கையில போடுற மிற்ரன் இல்லையெண்டு உன்ரயில ஒண்டைக் கழட்டிக் குடுத்திட்டு வந்தாய், ஒரு கை விறைச்சுப்போய். நான் கண்டபடி பேசினன். பேசிப்போட்டு குளியலறைக்குள்ள போய் நிண்டு அழுதனான், இப்பிடி ஒரு பிள்ளை எனக்கு எங்கால வந்தது எண்டு. நீ சிரிச்சால் இடது கன்னத்தில மட்டும் குழி விழும். இங்கிலீசில ஆரோடயும் வாக்குவாதப்பட்டால், எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனா நீதான் சரியெண்டு தெரியும். அப்பாவுக்கு நெஞ்சுநோ வந்தண்டைக்கு நீ டொக்டரோட கதைச்ச கதை..."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். தாயின் கோட்டில், மாறிப் பூட்டின பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் பூட்டினாள்.

"காணும் அம்மா. சாப்பிடுவம், பசிக்குது."

"இரு பிள்ளை," என்றாள் மங்கையற்கரசி. "நான் இன்னும் முடிக்கேல்லை."